கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு: சீரமைத்த மலைப்பாதைகளில் ஒரு வார இறுதி

குறுகலான நீண்ட பலகைகளைக் காலில் பூட்டி, ஊன்றுகோல்களின் துணையோடு சமதளத்திலும் ஏற்ற இறக்கங்களிலும் பனிமேல் உந்திச் செல்லும் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குக்காக ஒரு வார இறுதியை ஒதுக்க நினைப்பவர்கள், தங்குமிடத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே சில செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நேற்றிரவு பாதையைச் சீரமைத்தார்களா, எத்தனை மணிக்குச் சீரமைத்தார்கள், அதன் பிறகு வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்பவையே அவை. நல்ல பனிச்சறுக்கு மையங்கள் இவற்றை நாள்தோறும் காலையில் அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் வெளியிடுகின்றன. நானும் என் மனைவியும் நண்பர்கள் இருவருடன் மலைப்பகுதி ஒன்றுக்குச் சென்று வந்தபோது, எங்களுக்கு இன்பமாக அமைந்த நேரங்களையும் சிரமமாக அமைந்த நேரங்களையும் தீர்மானித்தது பெரும்பாலும் பனியின் வெப்பநிலைதான்; எங்கள் உடல் வலிமைக்கு அதில் இரண்டாம் இடமே கிடைத்தது.

சீரமைத்த பாதை என்பது பனி விழுந்தபடியே கிடக்கும் பாதையன்று. பட்டைச் சக்கரங்களில் ஊர்ந்து செல்லும் பெரிய இயந்திரம் ஒன்று, முன்புறத் தகட்டால் மேடு பள்ளங்களைச் சமன் செய்து, பின்புறம் சுழலும் பல்லுருளையால் இறுகிய பனியைப் பொடித்து, அந்தப் பொடியை அழுத்தி வரிவரியான பரப்பாக விட்டுச் செல்கிறது. அதனுடன் இணைந்த இன்னொரு கருவி, பாதையின் ஓரத்தில் இணையான இரண்டு பள்ளங்களைப் பதிக்கிறது. சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள இந்த இரட்டைத் தடம்தான் கிளாசிக் முறையில் சறுக்குபவரின் பலகைகளைத் தன்போக்கில் வழிநடத்துகிறது. பொடிந்த பனித்துகள்கள் ஒன்றோடொன்று மீண்டும் பிணைந்து இறுகுவதற்குக் குளிரும் சில மணி நேர ஓய்வும் தேவை என்பதால்தான் இந்த வேலையைப் பெரும்பாலும் இரவில் செய்கிறார்கள். இயந்திரம் கடந்து போன சற்று நேரத்திலேயே அந்தப் பாதையில் இறங்கினால் தடத்தின் சுவர்கள் உதிர்ந்துவிடும். அதே இரவு முழுதும் குளிரில் கிடந்த தடம், நூற்றுக்கணக்கானோர் கடந்து போன பின்பும் வடிவம் குலையாமல் நிற்கும். காலணியோடு தடத்தின் மேல் நடந்து செல்பவர்களைப் பார்த்தால் பழகியவர்களுக்கு ஏன் அத்தனை எரிச்சல் வருகிறது என்பது, அந்த இயந்திரத்தின் வேலையை ஓர் இரவு சன்னல் வழியாகப் பார்த்த பிறகு எனக்கு நன்றாகவே புரிந்தது.

தடம் பதித்த ஓரமும், அதை ஒட்டி அகலமாக விரியும் தட்டையான பரப்பும் வெவ்வேறு முறைகளுக்கு உரியவை. தடத்துக்குள் கால்களை முன்னும் பின்னுமாக நகர்த்திச் செல்வது கிளாசிக் முறை. தட்டையான பரப்பில் பலகைகளை வி வடிவில் விரித்து, பனிக்கட்டியின் மேல் ஸ்கேட்டிங் காலணியில் செல்வதைப் போலப் பக்கவாட்டில் உந்திச் செல்வது ஸ்கேட்டிங் முறை. இரண்டாவது முறை அண்மைக் காலத்தில் பரவியது. 1970களில் ஃபின்லாந்தைச் சேர்ந்த பௌலி சீட்டோனென், நீண்ட தூரப் பந்தயங்களில் ஒரு காலைத் தடத்தில் வைத்துக்கொண்டு மற்றொரு காலால் பக்கவாட்டில் உந்திச் சென்றார். அமெரிக்கரான பில் காக் இத்தகைய உந்தலைப் பயன்படுத்தி 1982-இல் உலகக் கோப்பையை ஒட்டுமொத்தமாக வென்ற பிறகு மற்றவர்களும் அதைப் பின்பற்றத் தொடங்கினர். பழைய முறை அழிந்துவிடும் என்ற அச்சம் எழுந்ததால் பந்தயங்களை இரண்டாகப் பிரித்தனர். 1988-இல் கால்கரியில் நடந்த ஒலிம்பிக்கில் இரு முறைகளுக்கும் தனித்தனிப் போட்டிகள் இருந்தன. புதிதாகத் தொடங்குபவர் கிளாசிக் முறையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. அதில் களைத்துப் போனால் நடக்கலாம். ஸ்கேட்டிங்கிலோ களைத்த பிறகு மெதுவாகச் செல்வதற்கே தனித் திறன் வேண்டும்.

சனிக்கிழமை காலை வாடகைக் கடையில் நாங்கள் செலவிட்ட நேரம் சற்று அதிகம்தான் என்றாலும், அந்த நேரத்தை யாரும் மிச்சப்படுத்த முயலக் கூடாது. இந்த விளையாட்டின் பலகைகள் குறுகலானவை, நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்தவை. இரு கால்களிலும் எடையைப் பகிர்ந்து நிற்கும்போது பாதத்துக்குக் கீழுள்ள பகுதி பனியைத் தொடாமல் சற்றே தூக்கி நிற்க வேண்டும். ஒரே காலில் முழு எடையையும் போட்டு அழுத்தும்போது அது பனியில் பதிந்து பிடிப்புக் கொடுக்க வேண்டும். ஆகவே பலகையைத் தேர்வதில் உயரத்தைவிட எடையே முக்கியம். பலகை மிகக் கடினமாக இருந்தால் உந்தும்போது கால் பின்னோக்கி வழுக்கும். மிக மென்மையாக இருந்தால் சறுக்கும்போதும் அது பனியை உராய்ந்து வேகத்தைக் குறைக்கும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. சமமான கடினத் தரையில் இரண்டு பலகைகளின் மேலும் நின்றுகொண்டு, பாதத்துக்குக் கீழே ஒரு காகிதத்தைச் செருகி நகர்த்தச் சொல்ல வேண்டும். காகிதம் தாராளமாக நகர வேண்டும். ஒரு காலில் முழு எடையையும் மாற்றியவுடன் அது அசையாமல் சிக்க வேண்டும். என் எடையைக் கடைக்காரரிடம் உள்ளபடியே சொல்லியும் முதலில் கொடுத்த இணையில் காகிதம் இரு நிலைகளிலும் நகர்ந்தது. அதைவிட மென்மையான இணையைக் கேட்டு வாங்கினேன்.

ஊன்றுகோலின் நீளம் கிளாசிக் முறைக்கு உடல் உயரத்தில் ஏறத்தாழ 83 விழுக்காடும், ஸ்கேட்டிங்குக்கு 90 விழுக்காட்டுக்குச் சற்று நெருக்கமாகவும் இருப்பது வழக்கம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு முறையே 140, 150 சென்டிமீட்டர் பொருத்தமாக இருக்கும். காலணியின் முன்நுனி மட்டுமே பலகையோடு பூட்டிக்கொள்ளும், குதிகால் விடுபட்டிருக்கும். அந்தப் பூட்டில் சிறிது பனி ஒட்டியிருந்தாலும் அது சரியாகப் பற்றாது. முதல் அரைமணி நேரத்தில் எங்களில் இருவருக்குக் காலணி கழன்று வந்ததற்கு அதுவே காரணம். பூட்டும் முன் காலணியின் அடியை ஊன்றுகோலின் நுனியால் சுரண்டிவிடுவது அதன் பிறகு எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

பயிற்றுநர் எங்களைச் சமதளமான இடத்துக்கு அழைத்துச் சென்று, “ஊன்றுகோல்களை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள், கைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அந்த ஒரு மணி நேரம் முழுவதும் அவர் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: உடலின் எடை முழுவதையும் ஒரு பலகையின் மேல் கொண்டுபோய், அது தானாக நிற்கும்வரை பொறுத்திருப்பது. பார்ப்பதற்கு இந்த விளையாட்டு பலகைகளைப் பூட்டிக்கொண்டு நடப்பது போலத் தோன்றுவதால், புதியவர்கள் எல்லோரும் இரண்டு கால்களிலும் எடையைப் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டு கால்களை இழுத்து இழுத்துச் செல்கிறார்கள். அப்படிச் செல்லும்போது பிடிப்பும் கிடைக்காது, சறுக்கலும் கிடைக்காது. முழங்காலையும் கணுக்காலையும் சற்றே மடக்கி, இடுப்பை முன்னுக்குக் கொண்டுவந்து, ஒரு காலால் கீழ்நோக்கி அழுத்தி உந்திய மறுகணம் மற்றக் காலின் மேல் முழுமையாக ஏறி நின்றுவிட வேண்டும். பின்னோக்கி உதைப்பதாக எண்ணுபவருக்குக் கால் வழுக்கும். கீழ்நோக்கி மிதிப்பதாக எண்ணுபவருக்குப் பிடிப்புக் கிடைக்கும். என் மனைவி இதை விரைவிலேயே பிடித்துக்கொண்டார். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைப் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வீட்டில் அவர் செய்துவந்ததன் பயன் அங்கே கண்கூடாகத் தெரிந்தது. ஓட்டப் பழக்கம் உள்ள நண்பர் எங்களுள் உடல் உறுதி மிகுந்தவர் என்றாலும், சமநிலை கைவராததால் முதல் நாள் நண்பகல் வரை எங்களுக்குப் பின்னால்தான் வந்தார்.

ஊன்றுகோல்களைக் கையில் எடுத்த பிறகு அவற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கீழிருந்து மேலாக வாருக்குள் கையை நுழைத்துக்கொண்டால் விசை வார் வழியாகவே இறங்கும். கை பின்னால் செல்லும்போது விரல்களைத் திறந்து விடலாம். விரல்கள் விடாமல் இறுகியிருந்தால் முன்கைகள் சோர்வதோடு, இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் எளிதில் விறைத்தும் போகின்றன.

மெழுகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வெப்பநிலையின் ஆட்சி இங்குதான் வெளிப்படையாகத் தெரிகிறது. கிளாசிக் பலகையில் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் வழுக்கும் மெழுகும், நடுவே குதிகாலிலிருந்து முன்னோக்கிச் சுமார் அரை மீட்டர் நீளத்துக்குப் பிடிப்பு மெழுகும் பூசுவது மரபு. பிடிப்பு மெழுகின் மேல் பனித்துகள்களின் முனைகள் ஒரு கணம் குத்தி நிற்கின்றன. கால் நகரத் தொடங்கியவுடன் விடுபடுகின்றன. கடுங்குளிரில் துகள்கள் கூர்மையாகவும் கடினமாகவும் இருப்பதால் கடினமான மெழுகு போதும். வெப்பம் கூடக்கூடத் துகள்கள் மழுங்கி ஈரமாவதால் மென்மையான மெழுகு தேவைப்படும். பச்சை, நீலம், ஊதா, சிவப்பு என்று குளிரிலிருந்து வெப்பத்துக்குச் செல்லும் நிற வரிசை பெரும்பாலான மெழுகுகளில் காணப்படுகிறது. உருகி மீண்டும் உறைந்த பனிக்குக் கிளிஸ்டர் எனப்படும் பசை போன்ற பூச்சு இருக்கிறது. அது கையில், உடையில், பையில் எங்கும் ஒட்டிக்கொள்ளும் தன்மையது. வெப்பநிலை சுழியத்தை ஒட்டி நிற்கும்போது எதைப் பூசினாலும் நிழலில் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

வார இறுதிக்கு மட்டும் செல்பவர்கள் இந்தச் சிக்கலுக்குள் நுழையவே தேவையில்லை. நடுப்பகுதியில் மீன் செதில் போல வெட்டப்பட்ட பலகைகளும், மோஹேர் எனப்படும் ஆட்டுமயிர்ப் பட்டை ஒட்டிய பலகைகளும் கிடைக்கின்றன. நாங்கள் எடுத்துச் சென்றவை பட்டை ஒட்டியவை. மயிரிழைகள் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். ஈரப் பனியில் நின்றுவிட்டுப் பிறகு நிழலான குளிர்ந்த பகுதிக்குள் நுழைந்தால் அந்தப் பட்டையில் பனிக்கட்டி பிடித்துக்கொள்வதுண்டு. அதற்கென்றே விற்கும் திரவத்தைக் காலையில் தடவிவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் நேராது. வழுக்கும் மெழுகை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபுளோரின் கலந்த மெழுகுகள் வேகம் மிகுந்தவை என்றாலும் அவற்றிலுள்ள வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுவதால், பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023–24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் அவற்றை முழுமையாகத் தடை செய்துவிட்டது. பழைய இருப்பைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னாலும் பொழுதுபோக்குக்காகச் செல்பவருக்கு அது எவ்விதத்திலும் தேவையற்றது.

உடை விஷயத்தில் புதியவர்களின் அச்சம் முழுவதும் குளிரைப் பற்றியே இருக்கிறது; உண்மையில் கேடு செய்வது வியர்வை. கைகளும் கால்களும் ஒருசேர உழைக்கும் விளையாட்டு என்பதால் பத்து நிமிடங்களுக்குள் உடல் சூடேறிவிடும். புறப்படும்போது சற்றே குளிர்வதாக உணர்ந்தால் உடை சரியாக இருக்கிறது என்று பொருள். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதன் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை, இவையே நடந்துகொண்டிருக்கும்வரை போதுமானவை. பருத்தி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்வதால், நின்றவுடன் நடுக்கம் தொடங்கிவிடும். தடிமனான மேலாடையை அணிந்துகொள்ளாமல் முதுகுப் பையில் வைத்திருந்து, ஓய்வுக்காக நிற்கும் அந்தக் கணத்திலேயே, குளிர் தெரிவதற்கு முன்பாகவே போட்டுக்கொள்ள வேண்டும். மாற்றுக் கையுறை ஓர் இணை கட்டாயம் வேண்டும். தண்ணீர்ப் பையிலிருந்து குழாய் வழியாகக் குடிக்கும் ஏற்பாடு அங்கே பயன்படாது, ஏனெனில் குழாயில் தேங்கும் நீர்தான் முதலில் உறைகிறது. வெந்நீரை வெப்பக் குடுவையில் கொண்டு போவதே சரி. மலையில் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது; புதுப்பனியோ தன் மேல் விழும் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடும். மேகமூட்டமான நாளிலும் கறுப்புக் கண்ணாடி அணிவதும், மூக்கின் அடிப்புறத்திலும் தாடையின் கீழும் வெயில் காப்புக் களிம்பு தடவுவதும் மிகைச் செயல்கள் அல்ல.

சனிக்கிழமை பிற்பகல் வெயில் நன்றாக அடித்ததால் தெற்கு நோக்கிய சரிவுகளில் தடங்கள் நெகிழ்ந்து, பலகைகள் பனியோடு ஒட்டத் தொடங்கின. அன்றிரவு வானம் தெளிந்து குளிர் −11 டிகிரிக்கு இறங்கியது. ஞாயிறு காலை அறிவிப்புப் பலகையில் எங்கள் சுற்றுப்பாதை இரவில் சீரமைக்கப்படவில்லை என்றிருந்தது. அப்படியானால் முந்தைய நாள் உருகிய தடம் அப்படியே உறைந்து கண்ணாடியாகியிருக்கும் என்று நண்பர்களில் அனுபவம் மிக்கவர் சொன்னார். விடிந்தவுடன் புறப்படுவதற்காக வைத்திருந்த திட்டத்தைக் கைவிட்டு, வெயில் பாதையைத் தொடும் பத்து மணி வரை காத்திருந்தோம். முன்னரே புறப்பட்ட ஒரு குழுவினர் முதல் இறக்கத்திலேயே பலகைகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்து திரும்பியதைப் பார்த்தபோது, அந்தக் காத்திருப்பு எவ்வளவு மலிவானது என்பது தெரிந்தது. அதிகாலையில் செல்லத்தான் வேண்டும் என்றால் இரவில் புதிதாகச் சீரமைத்த பாதையையோ, முந்தைய நாள் வெயிலே படாத வடக்குச் சரிவிலுள்ள காட்டுப் பாதையையோ தேர்ந்தெடுக்கலாம்.

ஏற்றத்தில் பிடிப்புக் குறையும்போது அடியெடுப்பைச் சுருக்கிக்கொண்டு விரைந்து மிதிக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் தடத்தை விட்டு வெளியே வந்து, பலகைகளின் முன்முனைகளை விரித்து, உட்புற ஓரங்களைப் பனியில் அழுத்தி ஏறலாம். இறக்கம்தான் புதியவர்களை அச்சுறுத்துவது, அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. இந்தப் பலகைகளுக்கு உலோக விளிம்பு பெரும்பாலும் கிடையாது, குதிகாலும் பூட்டப்படவில்லை, தடமோ விட மறுக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே நின்று, அடிவரை பார்த்து, வளைவு இருந்தால் தடத்தை விட்டு வெளியேறிவிடுவதே பாதுகாப்பு. தட்டையான பரப்பில் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, குதிகால்களை வெளிப்புறமாகத் தள்ளினால் வேகம் குறையும். மிதமான இறக்கமாக இருந்தால் ஒரு காலைத் தடத்திலேயே வைத்துக்கொண்டு, மற்றக் காலை மட்டும் வெளியே எடுத்துச் சாய்வாக வைத்து உராயவிடலாம். எங்களுக்கு மிகுதியும் கைகொடுத்தது இந்த அரைத் தடுப்புதான். வேகம் கட்டுக்குள் வராது என்று தோன்றினால், ஊன்றுகோலை முன்னால் குத்தி நிறுத்த முயலாமல், உட்காரும் பாவனையில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட வேண்டும். எழும்போது இரு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்காக இணையாக வைத்து, முழங்காலில் ஊன்றி முன்பக்கமாக எழ வேண்டும். விழுந்த இடத்தில் பள்ளம் உண்டாகியிருந்தால் அதைப் பனியால் நிரப்பிவிட்டுச் செல்வது பின்னால் வருபவருக்குச் செய்யும் உதவி.

பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு கிராஸ் கன்ட்ரிப் பாதைகளுக்கென்றே நடத்தை விதிகளை வகுத்திருக்கிறது. குறித்த திசையிலேயே செல்வது, எதிரெதிரே வரும்போது வலப்பக்கம் ஒதுங்குவது, ஏறுபவர் இறங்குபவருக்கு வழிவிடுவது, அருகில் ஆள் இருக்கும்போது ஊன்றுகோல்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வது, நிற்பதென்றால் பாதையை விட்டு விலகி நிற்பது ஆகியவை அவற்றுள் அன்றாடம் தேவைப்படுபவை. இவற்றில் கடைசி விதிதான் அதிகம் மீறப்படுகிறது. அதுவும் வளைவின் மறுபக்கத்தில் நின்று படமெடுப்பவர்களால்.

தூரத்தைத் திட்டமிடுவதில் நடைப்பயணக் கணக்கு பொருந்தாது. ஸ்வீடனில் 1922 முதல் நடைபெறும் வாசாலோப்பெட் பந்தயத்தின் 90 கிலோமீட்டரை இன்றைய முன்னணி வீரர்கள் நான்கு மணி நேரத்துக்குள் கடக்கிறார்கள். புதியவருக்கோ ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கிலோமீட்டர் சென்றாலே போதுமான வேகம். நார்வே நாட்டின் மலைப்பயண விதிகளில் திரும்பி வருவதில் வெட்கமில்லை என்றே ஒரு விதி இருக்கிறது. ஞாயிறு அன்று நாங்கள் சுற்றுப்பாதை முழுவதையும் முடிக்காமல், மதியம் ஒரு மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு சென்றோம். ஓட்டக்கார நண்பருக்கு அதில் சற்று வருத்தம். அப்போதுதான் அவருக்குச் சறுக்கல் கூடிவரத் தொடங்கியிருந்தது. ஆயினும் திரும்பும் வழியில் தெற்குச் சரிவை அடைந்தபோது தடம் மீண்டும் நெகிழ்ந்து ஈரமாகியிருந்தது. காலையில் இருபது நிமிடங்களில் கடந்த பகுதிக்கு இப்போது அதைப்போல இரு மடங்கு நேரம் பிடித்தது.

பலகைகளைத் திருப்பிக் கொடுத்த பின், சொந்தமாக வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தது. காலணியை மட்டும் முதலில் வாங்குவதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. வாடகைக் காலணி உண்டாக்கும் கொப்புளம் இரண்டாம் நாளைக் கெடுத்துவிடக் கூடும், பலகையோ ஓரளவு பொருந்தினாலே போதும். வாங்கும் காலணியின் பூட்டு முறை, வழக்கமாகச் செல்லும் மையத்தின் வாடகைப் பலகைகளோடு பொருந்துமா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் பூட்டு முறைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. என் மனைவி பட்டை ஒட்டிய பலகைகளையே வாங்கிவிட முடிவு செய்திருக்கிறார். பருவம் முடியும் தறுவாயில் மையங்கள் தம் வாடகைப் பலகைகளை விற்பதுண்டு என்பதால் அதுவரை பொறுத்திருக்கிறார். காகிதச் சோதனை செய்து பார்க்காமல் எதையும் எடுப்பதாக இல்லை.